நிகர்ச்சொல் பட்டியலும் ஆங்கிலத் தேர்வும்

வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை 'சினானிம்ஸ் படி' என்பதுதான். இடப்பக்கம் ஒரு சொல்லும் வலப்பக்கம் அதே பொருள் என்று நாலைந்து சொற்களும் அச்சிட்ட பட்டியல் ஒன்று கைக்கு வந்துவிடும். ஒரு தலைமுறைக்கு முன் அது மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கிய பேரன்ஸ் ஜி.ஆர்.இ. புத்தகம். அதன் 3,500 சொற்களையும் 'முடித்தவர்' என்றால் விடுதியில் தனி மரியாதை. இப்போது டெலிகிராமில் வரும் பி.டி.எஃப்., இல்லையென்றால் கைப்பேசிச் செயலி. உருப்போடும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்டால் கோச்சிங் சென்டர்காரர் உண்டு என்பார், மொழியியல் படித்தவர் உதட்டைப் பிதுக்குவார். இருவரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். எந்தத் தேர்வு, எந்தச் சொல், எப்படிப் படித்தது என்று பிரித்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. இங்கே பெயர்ச்சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வினைச்சொல்லை மாற்றிப் போட்டால் வாக்கியம் பெரும்பாலும் உடனே முரண்டு பிடிக்கும். பெயர்ச்சொல்லோ எங்கே வைத்தாலும் அடங்கி உட்கார்ந்துகொண்டதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் மதிப்பெண் போகிறது.

மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்விலிருந்து தொடங்கலாம். முதல் கட்டத் தாளில் 100 கேள்வி, 60 நிமிடம். அதில் 25 கேள்வி ஆங்கிலம். கேள்விக்கு 2 மதிப்பெண், தவறினால் அரை மதிப்பெண் கழியும். ஒரு சொல்லைத் தனியாக நிறுத்தி, அதற்கு நிகரானது நான்கில் எது என்று கேட்கும் பழைய பாணி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. விடை தெரிந்தால் பத்து வினாடிகூட ஆகாது, தெரியாவிட்டால் எவ்வளவு நேரம் யோசித்தாலும் வராது. கணக்குப் பகுதிக்கு நேரம் மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய தாள்களில் வந்த சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால்தான், அவற்றைத் தொகுத்துத் தரும் 'பிளாக்புக்' போன்ற புத்தகங்கள் தேர்வர்கள் கையில் புழங்குகின்றன. யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வின் ஆங்கிலத் தாளிலும் சினானிம், ஆன்டனிம் கேள்விகளுக்கு இடம் உண்டு. இந்தத் தேர்வுகளை எழுதுகிறவரிடம் 'பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நாவல் படி' என்று உபதேசிப்பது அவருடைய கட்-ஆஃபோடு விளையாடுகிற வேலை.

அமெரிக்கத் தேர்வுகள் வேறு பக்கம் போய்விட்டன. 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. தேர்விலிருந்து எதிர்ச்சொல் கேள்விகள் 1994இல் நீங்கின. ஒப்புமைக் கேள்விகள் 2005இல் போயின. ஓட்டக்காரருக்கு மராத்தான் என்றால் துடுப்பு வலிப்பவருக்கு எது என்று கேட்டு, 'ரெகாட்டா' என்ற படகுப் போட்டியை விடையாக எதிர்பார்த்த ஒரு கேள்வி அங்கே வெகுகாலம் வசை வாங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தச் சொல் காதில் விழுந்திருக்கும், இது அறிவைச் சோதிக்கவில்லை, வளர்ந்த இடத்தைச் சோதிக்கிறது என்றார்கள். நியாயமான வசைதான். ஆலப்புழையில் வருடாவருடம் வள்ளம்களி பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக்கூட அந்தப் பெயர் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. 2016இல் வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை நிரப்பும் கேள்வியும் எஸ்.ஏ.டி.யிலிருந்து எடுக்கப்பட்டது. ஜி.ஆர்.இ.யோ 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல்லையும் ஒப்புமையையும் ஒரே வீச்சில் நீக்கியது. பேரன்ஸ் பட்டியலை உருப்போட்ட மூத்தவர்கள் எழுதிய தேர்வு அன்றோடு முடிந்துவிட்டது. பட்டியல் மட்டும் தம்பி தங்கைகளுக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஜி.ஆர்.இ.யில் புதிதாக வந்த 'சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்' பகுதியில் சற்று நிற்க வேண்டும். நிகர்ச்சொல் பயிற்சியின் பலமும் பலவீனமும் ஒருசேர அங்கே தெரியும். வாக்கியத்தில் ஓரிடம் காலியாக இருக்கும். ஆறு சொற்கள் தரப்படும். இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுமே வாக்கியத்துக்குப் பொருந்த வேண்டும், எதைப் போட்டாலும் வாக்கியத்தின் கருத்து ஒன்றாகவே வர வேண்டும். ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடையாது. பட்டியல் படித்துப் பழகியவர் வாக்கியத்தைப் பாதி படித்ததுமே ஆறில் ஜோடி தேடத் தொடங்குவார். அந்தப் பழக்கம் தெரிந்துதான், தமக்குள் நிகராக இருந்தும் வாக்கியத்தில் ஒட்டாத சொற்களையும் அந்த ஆறில் கலந்து வைக்கிறார்கள். சரியான விடையாக வரும் இரண்டு சொற்கள் அகராதிப்படி நிகர்ச்சொற்களாக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். தன் வழிகாட்டிக் குறிப்பிலேயே இதைச் சொல்லி எச்சரிக்கிறது.

மாதிரிக்கு ஒன்றை நாமே அமைத்துப் பார்க்கலாம். தகப்பனாரிடம் ஊரார் கஞ்சத்தனமாகக் கண்டதை, அந்தக் காசில் படித்து முன்னேறிய மகள் பிற்காலத்தில் வேறு பெயர் சொல்லிப் போற்றினாள் என்று ஓர் ஆங்கில வாக்கியம். அந்த 'வேறு பெயர்' இருக்க வேண்டிய இடம் காலி. கீழே பார்சிமனி, ஸ்டிஞ்சினஸ், ஃப்ரூகாலிட்டி, த்ரிஃப்ட், ஆப்யூலன்ஸ், கேண்டர் என்று ஆறு பெயர்ச்சொற்கள். முதல் இரண்டும் கண்ணில் பளிச்சென்று படும் ஜோடி, ஆனால் இரண்டும் கஞ்சத்தனத்தின் பக்கம். வாக்கியம் கேட்பது சிக்கனத்தை. விடை ஃப்ரூகாலிட்டியும் த்ரிஃப்டும். முதல் நான்கு சொற்களையும் ஒரே வரியில் அடுத்தடுத்து அச்சிட்டு 'எல்லாம் ஒன்றுதான்' என்று கற்றுக்கொடுக்கும் பட்டியல்கள் உண்டு. அவற்றை நம்பியவருக்கு இந்தக் கேள்வியில் நான்கு சரியான விடைகள் தெரியும்.

டோஃபல் தேர்வின் கதை இன்னும் சுவையானது. 1964இல் தொடங்கிய அந்தத் தேர்வின் நிகர்ச்சொல் கேள்விகள் எண்பதை எடுத்து, தாமஸ் லாண்டவர், சூசன் டுமே என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணினி நிரலுக்குக் கொடுத்தார்கள். 1997இல் வெளியான அந்த ஆய்வில் நிரல் எடுத்த மதிப்பெண் 64.4 சதவீதம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த வெளிநாட்டு மாணவர்களின் சராசரி 64.5. இத்தனைக்கும் அந்த நிரலுக்கு அகராதி எதையும் யாரும் காட்டவில்லை. ஒரு கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளைக் கொடுத்து, எந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கிட மட்டும் விட்டார்கள். பின்னால் வந்த முறைகள் எண்பதுக்கு எண்பதும் எடுத்துவிட்டன. நிகர்ச்சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் அந்தச் சொல்லை வைத்து நான்கு வரி எழுதுவதும் வெவ்வேறு திறமைகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அன்றைய நிரல் ஒரு வாக்கியம்கூட எழுதத் தெரியாதது. பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சொல்லின் பொருளை அந்த நிரல் தொடர்ந்து ஓடும் உரைநடையிலிருந்தே எடுத்துக்கொண்டது என்பதைத்தான்.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சிக்கல் இரட்டிப்பாகிறது. வாசிப்புத் தாளில் பத்தியில் ஒரு சொல் இருக்கும், கேள்வியில் அதே கருத்து வேறு சொல்லில் வரும். அங்கே நிகர்ச்சொல் தெரிந்தால் லாபம்தான். எழுத்திலும் பேச்சிலும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம். அதற்குக் கால் பங்கு மதிப்பெண். 'பேண்ட் ஏழு வேண்டுமானால் பெரிய சொல் போடு' என்ற அறிவுரையைக் கேட்டு, 'மெனி' என்று எழுத வேண்டிய இடமெல்லாம் 'பிளெத்தோரா' போட்டு நிரப்பிய கட்டுரைகள் பிறப்பது இங்கிருந்துதான். தேர்வாளர் பார்ப்பது சொல் அரிதா என்பதை மட்டும் அல்ல, அக்கம்பக்கத்துச் சொற்களோடு இயல்பாகச் சேர்கிறதா என்பதையும்தான். பொதுவில் வெளியிடப்பட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது.

ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு நிகர்ச்சொற்கள்? பெரும்பகுதி வரலாற்றின் விபத்து. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, மண்ணின் பழைய ஜெர்மானியச் சொற்களுக்கு மேலே பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. கல்வியோடும் மதத்தோடும் லத்தீன் மூன்றாவது அடுக்காகச் சேர்ந்தது. அதனால் தீ சார்ந்து மட்டும் ஃபயர், ஃபிளேம், கான்ஃபிளக்ரேஷன்; அச்சத்துக்கு ஃபியர், டெரர், ட்ரெப்பிடேஷன். முதல் சொல் வீட்டில் புழங்கும், கடைசிச் சொல் பெரும்பாலும் ஏட்டில்தான் புழங்கும். சமையலறையில் எரியும் அடுப்பைக் கான்ஃபிளக்ரேஷன் என்றால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். தேர்வுக்காரர்கள் கடினமான சொல் தேடிப் போவது மூன்றாவது அடுக்குக்கு. நோர்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்னும் நம் நடைபாதைக் கடைகளில் விற்பதற்கும் அதுதான் காரணம். லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடித்துக்கொண்டால் அந்த அடுக்கில் ஒன்றிலிருந்து பத்துக்குத் தாவலாம்.

நிகர்ச்சொல்லை உருப்போடுவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டு நூல்கள் தமிழில் வரிசையாக உண்டு. தேவர்ப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று வகைபிரித்து, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளில் அடுக்கியவை அவை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் தாய்மொழிக்குள் நின்றுகொண்டு படித்தார்கள். நிகண்டோடு சேர்த்துச் செய்யுளையும் ஓதினார்கள், அந்தச் சொல் பாட்டில் எப்படி வருகிறது என்று கூடவே தெரிந்தது. ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட 'தெசாரஸ்' நூலும் அப்படித்தான். சொற்களைக் கருத்து வாரியாக ஆயிரம் தலைப்புகளில் தொகுத்தார். எழுதும்போது நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் சொல்லை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. தெரியாத சொல்லைப் புதிதாகக் கற்பிப்பது அல்ல. இரண்டுமே மொழி தெரிந்தவருக்காகச் செய்த கருவிகள். தேர்வர் அவற்றைத் தலைகீழாகப் பிடித்து, மொழிக்குள் நுழையும் வாசலாக்கப் பார்க்கிறார்.

அப்படி நுழையும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் உண்டு. தாமஸ் டிங்கம் 1993இல் வெளியிட்ட சோதனைகளில், பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றவர்களுக்குத் தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. ராபர்ட் வேரிங் 1997இல் ஜப்பானிய மாணவர்களிடம் செய்து பார்த்தபோதும் அதேதான். ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் எது எது என்ற குழப்பம் வந்துவிடுகிறது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பாதகத்தைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுபக்கம், ஸ்டூவர்ட் வெப் 2007இல் ஜப்பானிய மாணவர்களை வைத்து வேறொன்று கண்டார். புதுச் சொல்லுக்கு நிகரான ஒரு சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அந்தப் புதுச் சொல் எளிதில் ஒட்டுகிறது.

இரண்டும் முரண்போலத் தோன்றும், இல்லை. தெரிந்த ஒன்றோடு தெரியாத ஒன்றைக் கட்டினால் உதவி. தெரியாத ஐந்தை ஒன்றாகக் கட்டினால் சிடுக்கு. டிஸ்லைக் தெரிந்தவர் இன்று அவர்ஷன் மட்டும் படிக்கட்டும். அது நன்றாகப் பதிந்த பிறகு, பத்து நாள் கழித்து ஆன்டிபதி வரட்டும். அனிமாசிட்டிக்கும் ரான்கருக்கும் அவசரம் இல்லை. நான்கையும் ஒரே இரவில் முடித்தவருக்குத் தேர்வு அறையில் நினைவு வருவது 'ஏதோ வெறுப்பு' என்பது மட்டும்தான். அவர்ஷன் ஒதுங்கிப் போக வைக்கும் ஒவ்வாமை. பாம்பிடம் இருக்கலாம், பாகற்காயிடம் இருக்கலாம். அனிமாசிட்டி ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள பகை. ரான்கர் உள்ளே வைத்துப் புளிக்கவிட்ட காழ்ப்பு. தமிழிலேயே இவற்றை நாம் ஒன்றாகப் பேசுவதில்லையே.

பெயர்ச்சொல்லுக்கே உரிய தொல்லைகளில் முதலாவது எண்ணிக்கை. பட்டியல் அட்வைஸையும் சஜஷனையும் பக்கத்தில் வைக்கும். சஜஷனுக்குப் பன்மை உண்டு, அட்வைஸுக்குக் கிடையாது என்று சொல்லாது. ஒர்க்கும் ஜாப்பும் அப்படி, ரிசர்ச்சும் ஸ்டடியும் அப்படி. அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று தமிழில் தாராளமாகப் பன்மை போடுகிற நமக்கு இந்தக் கண்ணிகள் கண்ணில் படுவதில்லை. 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மெண்ட்ஸ்' என்று கடைப் பலகை பார்த்தே வளர்ந்த கண்கள். எஸ்.எஸ்.சி. தாளில் பிழை கண்டறியும் கேள்விகளில் இந்தச் சொற்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. நிகர்ச்சொல் கேள்வியில் வென்ற சொல்லே அடுத்த கேள்வியில் காலை வாரும்.

இரண்டாவது, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் முன்னிடைச்சொல். ரீசனும் காஸும் காரணம்தான், ஆனால் ரீசனுக்குப் பின் 'ஃபார்', காஸுக்குப் பின் 'ஆஃப்'. அவர்ஷன் 'டு' கேட்கும், அனிமாசிட்டி 'பிட்வீன்' என்றோ 'டுவர்ட்ஸ்' என்றோ கேட்கும். முன்னால் வரும் வினையும் இப்படித்தான். டிசிஷனை 'மேக்' செய்ய வேண்டும். கன்குளூஷன் என்றால் 'டிரா' அல்லது 'ரீச்'. சொல்லை அதன் கூட்டாளிகளோடு பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தின் ஜே.ஆர். ஃபிர்த் 1950களிலேயே எழுதிவிட்டார். 1987இல் வந்த கோபில்ட் அகராதியும் 2002இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலோகேஷன்ஸ் அகராதியும் அந்த வழியில் செய்தவை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மேசையில் அவற்றைக் காண்பது அரிது, பட்டியல்கள் குவிந்திருக்கும்.

மூன்றாவது, சொல்லின் நிறம். ஃபேமும் நொட்டொரைட்டியும் ஊரறிந்த நிலைதான். ஒன்று புகழ், மற்றது கெட்ட பெயர். ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் வரைபடத்தை விவரிக்கும்போது இன்கிரீஸ், ரைஸ், குரோத், சர்ஜ் எல்லாம் தேவைப்படும். பெயர்ச்சொல் நிகர்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் அது. ஆனால் இருபது ஆண்டுகளில் மெல்ல ஏறிய கோட்டைச் சர்ஜ் என்று எழுதினால், சொல் தெரிந்தும் படம் புரியவில்லை என்றாகிவிடும்.

எந்தச் சொல்லைப் படிப்பது என்பது தனிக் கேள்வி. மைக்கேல் வெஸ்ட் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது, வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கக் குறைந்தபட்சம் எந்தச் சொற்கள் வேண்டும் என்று தேடத் தொடங்கினார். 1953இல் அவர் வெளியிட்ட ஜெனரல் சர்வீஸ் லிஸ்டில் ஏறக்குறைய 2,000 சொற்கள். அதன் தொடர்ச்சியாக நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த அகாடமிக் வேர்ட் லிஸ்டில் 570 சொற்குடும்பங்கள். கல்வி நூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்து சதவீதம் அவைதாம். கான்செப்ட், எவிடன்ஸ், ஹைப்பாத்திசிஸ் போன்ற பெயர்ச்சொற்கள் அதில் உண்டு. இவற்றைச் சரியாகக் கையாளத் தெரியாமல் 'பெரிய' சொற்களுக்குத் தாவியவர்கள் டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுகளில்தான் அடிவாங்குகிறார்கள். ஜி.ஆர்.இ. வேறு. அங்கே அரிய சொல்லும் வரும், வாக்கியமும் சிக்கலாக இருக்கும்.

எப்படிப் படிப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே கிட்டத்தட்ட சண்டையே இல்லை. ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008இல் 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லையும் விடாமல் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வைக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். அப்படிச் சோதிக்கப்படாமல், மறுபடி மறுபடி பார்த்துப் படிக்க மட்டும் விடப்பட்டவர்கள் சுமார் 35 சதவீதம். பட்டியலைப் பத்து முறை கண்ணால் ஓட்டுவதைவிட, மூடிவைத்துவிட்டு ஒருமுறை சொல்லிப் பார்ப்பது மேல். ஆங்கி போன்ற அட்டைச் செயலிகள் இதைத்தான் இடைவெளிவிட்டுச் செய்ய வைக்கின்றன.

அட்டையின் முன்பக்கம் ஒற்றைச் சொல்லாக இருக்க வேண்டாம். காலியிடம் விட்ட ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். பின்பக்கம் விடை, அது பன்மை ஏற்குமா, பின்னால் எந்த முன்னிடைச்சொல், தெரிந்த சொல்லிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று சொந்தத் தமிழில் ஒரு வரி. மாணவருக்கான ஆங்கில அகராதிகள் எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் தனித்தனிக் குறியீடு போடுகின்றன. அதைப் பார்த்து எழுத அரை நிமிடம் ஆகும். எஸ்.எஸ்.சி. எழுதுகிறவர் பழைய தாள்களின் சொற்களை முதலில் முடிக்கட்டும், அவருக்கு அதுவே போதும். மற்றவர்கள் காசு கொடுத்துப் பட்டியல் வாங்குமுன் தேர்வையே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈ.டி.எஸ். 'பவர்பிரெப்' என்ற பெயரில் ஜி.ஆர்.இ. மாதிரித் தேர்வு இரண்டை இலவசமாகவே தருகிறது.